மூன்றாவது ஊசியும் ஒரு நாற்காலியும்

திகோமிருக்கு முதல் இரண்டு கொரோனா தடுப்பூசியும் ஒன்றுமே செய்யவில்லை. வினையே அங்கேதான் ஆரம்பித்தது. கை வலிக்கவில்லை, காய்ச்சல் வரவில்லை, ஒரு தும்மல்கூட இல்லை. வேறு யாராவது என்றால் தப்பித்தோம்டா சாமி என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்திருப்பார்கள். திகோமிர் அதைத் தன் உடம்பின் சாதனையாக எடுத்துக்கொண்டார். உலகத்து விஞ்ஞானிகள் எல்லாம் ராப்பகலாக உழைத்ததே தன்னுடைய தோள் எவ்வளவு உறுதி என்று நிரூபிக்கத்தான் என்கிற நினைப்பில் ஊருக்குள் நடமாடினார்.

செர்பியாவின் வால்யேவோ ஊரில் கார் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளி நடத்துகிறவர் அவர். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உயிரைக் கையில் வைத்திருக்கும்போது பக்கத்து இருக்கையிலிருந்து தடுப்பூசிப் பிரசங்கம் நடக்கும். ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கவா முடியும்? எல்லாரும் தலையாட்டினார்கள். அது தன் பேச்சின் வலிமை என்று திகோமிர் நம்பினார்.

அவருடைய பள்ளியில் கணக்கெழுதும் யெல்கா ஊசி போட்டுக்கொண்டு வந்து இரண்டு நாள் படுத்துவிட்டாள். மூன்றாம் நாள் வேலைக்கு வந்தவளை நலம் விசாரிக்க வேண்டாமா மனுஷன்? "ஊசிக்கே சுருண்டுட்டியே, நோயே வந்திருந்தா என்னம்மா பண்ணியிருப்பே?" என்று கேட்டார். "எல்லாம் மனசுதான். பயந்தாங்கொள்ளிக்குத்தான் பக்கவிளைவு." யெல்கா அந்த மாதச் சம்பளச் சீட்டை அவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.

செர்பியாவில் அந்த வருஷம் ஊசிக்குப் பஞ்சமே இல்லை. சீன ஊசியா, ரஷ்ய ஊசியா, அமெரிக்க ஊசியா, எது வேண்டும் என்று கேட்டுக் கேட்டுப் போட்டார்கள். ஓட்டலில்கூட அவ்வளவு மரியாதையாகக் கேட்க மாட்டார்கள். அப்படியும் ஊரில் பாதிப் பேர் எனக்கு எதுவுமே வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்கள். அந்தப் பாதிக்குத் தலைவர் யார் என்றால் திகோமிரின் தங்கை மிலுங்காவின் புருஷன் ஓப்ராத்.

ஓப்ராத் வீடுகளில் வெந்நீர்க் கொதிகலன் பழுது பார்ப்பவர். கொதிகலனைக் கழற்றுமுன் மூன்று தரம் யோசிப்பார். ஃபேஸ்புக்கில் வருவதை ஒரு தரம்கூட யோசிக்க மாட்டார். ஊசி போட்டவன் கையில் காந்தம் இருக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, கோடையில் திகோமிரின் தோளில் ஒரு கரண்டியை ஒட்டவைத்துப் பார்த்தார். கரண்டி கீழே விழுந்தது. "இது அலுமினியக் கரண்டி" என்று சொல்லிவிட்டு வேறு கரண்டி தேடப் போனார்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மிலுங்கா. அவளுக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. வசந்த காலத்தில் அவளுடைய சிநேகிதி ஒருத்தி மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவே இல்லை. அதிலிருந்து மிலுங்கா பேச்சைக் குறைத்துவிட்டாள். ஊசி போட்டுக்கொள்ளவும் பயம், போட்டுக்கொள்ளாமல் இருக்கவும் பயம். ஆண்கள் இருவரும் அவளுடைய உயிரைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போட்டார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்கத்தான் நேரமில்லாமல் போயிற்று.

நவம்பர் ஆரம்பத்தில் ஓப்ராத் வீட்டு ஸ்லாவா வந்தது. குடும்பத்தைக் காக்கும் புனிதரின் நாள் அது; வீட்டுக்கு வீடு புனிதரும் வேறு, நாளும் வேறு. யாரையும் அழைப்பதில்லை. வர வேண்டியவர்கள் தானாக வருவார்கள். வீட்டுக்காரன் மட்டும் அன்றைக்கு உட்காரக் கூடாது. மேஜைமேல் மெழுகுவத்தி எரிகிற வரைக்கும் நின்றபடியே விருந்தாளிகளுக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஓப்ராத் அப்படி நின்றுகொண்டு, மூன்றாவது ஊசி போட்டவர்கள் எல்லாம் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார்கள் என்று ஊற்ற ஊற்றச் சொல்லிக்கொண்டே வந்தார். திகோமிர் மேஜையை ஓங்கித் தட்டினார்.

"மாப்ளே, எல்லாரும் கேட்டுக்குங்க. மூணாவது ஊசியும் நான் போடறேன். எனக்கு மட்டும் காய்ச்சல் வந்துச்சுன்னா, என் வீட்டு ஸ்லாவா அன்னைக்கு நான் உட்கார்ந்துடறேன்!"

என் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். இது அப்பன் பாட்டன் காலத்தில் யாரும் செய்யாத காரியம். ஓப்ராத் மெதுவாக அவர் கோப்பையை நிரப்பினார். "பெரிய வார்த்தை மச்சான்" என்றார்.

திகோமிர் வீட்டு ஸ்லாவா அதே மாதம் தேவதூதர் மிக்கேலின் நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை காலையில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குக் கிளம்பினார். முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி பொதிந்துகொண்டிருந்த மனைவி தெசாங்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"நாளைக்கு வீடு நிறைய ஆளு வரும். திங்கக்கிழமை போனா ஊசி என்ன, ஓடியா போயிடும்?"

"உனக்குப் புரியாதுடி. நேத்துப் போட்டேன், இன்னைக்கு நிக்கறேன்னு ஓப்ராத் மூஞ்சிக்கு நேரா சட்டையை மடிச்சுக் காட்டணும்."

முதல் இரண்டும் சீன ஊசி. மூன்றாவதற்கு அவர் அமெரிக்க ஊசியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நர்ஸ் இன்றைக்கும் நாளைக்கும் ஓய்வெடுங்கள் என்று சொன்னதற்கு, அதெல்லாம் யெல்கா மாதிரி ஆட்களுக்கு என்றார். யெல்கா யார் என்று அந்த நர்ஸுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டில் ஆடியது. பூகம்பம் என்று நினைத்தார். ஆடியது அவர்தான். எலும்புக்கு எலும்பு யாரோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஊசி போட்ட கையைத் தூக்கக்கூட முடியவில்லை. தெசாங்கா தெர்மாமீட்டரை அவர் அக்குளிலிருந்து உருவி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"முப்பத்தொம்பது டிகிரி." ஃபாரன்ஹீட் கணக்கில் நூற்றிரண்டு.

"ஐயோ, தெசாங்கா, என்னமோ பண்ணுதுடி."

"ஒண்ணுமில்ல. எல்லாம் மனசுதான்" என்றாள் அவள். "பயந்தாங்கொள்ளிக்குத்தான் இப்படி வருமாம். பெரியவர் ஒருத்தர் சொன்னாரு."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதுவிட்டார். அவளுக்கும் மனசு கேட்கவில்லை. காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்து, கோட்டை மாட்டிவிட்டு, டையைக் கட்டிவிட்டாள். "படுத்துக்கோங்க. உடம்பு சரியில்லன்னு சொல்லிடறேன்" என்றும் சொன்னாள். அவர் மாட்டேன் என்றார். ஓப்ராத் கண்ணெதிரே படுத்த படுக்கையாகக் கிடப்பதற்குச் செத்தே போகலாம் என்றார். அதற்கும் ஓப்ராத் ஊசியைத்தான் காரணம் சொல்வான் என்று உடனே தோன்றவே, சாவதும் சரிப்படாது என்று எழுந்து நின்றார்.

பாதிரியார் வந்து மெழுகுவத்தியை ஏற்றினார். வட்ட ரொட்டியை அவரும் திகோமிரும் சேர்ந்து பிடித்துச் சுற்றினார்கள். ரொட்டி மட்டுமா சுற்றியது, வீடே சுற்றியது. ரொட்டியை வெட்டி ஒயினை ஊற்றுகிற இடத்தில் பாதிரியாரின் சட்டைக் கையிலும் கொஞ்சம் போயிற்று. பக்தியில் கை நடுங்குகிறது என்று நினைத்து அவர் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். கன்னத்தில் மூன்று முத்தம் கொடுக்காமல் எவனும் உள்ளே வர மாட்டான். கன்னமோ கொதிக்கிறது. திகோமிர் அவசரமாக முழங்கையை நீட்டி, "கொரோனா காலம், கொரோனா காலம்" என்று வாசலிலேயே எல்லாரையும் நிறுத்தினார். போன வாரம் வரைக்கும் எல்லாரையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த மனுஷன். ஓப்ராத் அந்த முழங்கையை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஸ்லாவாவுக்கு வந்த என்னை முழங்கையால இடிக்கிறியா மச்சான்?"

"விஞ்ஞானம் மாப்ளே."

"ஊசி போட்டாச்சா?"

"நேத்தே ஆச்சு. கொசு கடிச்ச மாதிரிகூட இல்ல."

ஓப்ராத் உள்ளே போய், மேஜையைச் சுற்றிப் போட்டிருந்த நாற்காலிகளில் கைவைத்த பெரிய நாற்காலி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதில் தான் உட்காரவில்லை. திகோமிர் நின்ற இடத்துக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வேறொன்றில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு அந்த நாற்காலி செய்த அநியாயம் கொஞ்சநஞ்சமல்ல. திகோமிர் சூப் பாத்திரத்தோடு ஜன்னல் பக்கம் போனால், திரும்பும்போது அது ஜன்னல் பக்கம் இருக்கும். வறுத்த பன்றிக்கறியை எடுத்துக்கொண்டு மேஜையின் மறுகோடிக்குப் போனால், கொஞ்ச நேரத்தில் முழங்காலுக்குப் பின்னால் வந்து இடிக்கும். "வீட்டுக்காரர் களைச்சிட்டாரோன்னு பார்த்தேன்" என்பார் ஓப்ராத், பரம சாதுவாக. சுற்றியிருந்தவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். ஊசிக் கட்சிக்காரர்களும்தான் சிரித்தார்கள். அதுதான் திகோமிருக்குத் தாங்கவில்லை.

காலித் தட்டு ஒன்றோடு சமையலறைக்குள் போய்ச் சுவரில் சாய்ந்தார். மிலுங்கா அங்கே தட்டு துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனைத் தனியாகப் பிடிக்கத்தான் காத்திருந்தாள் போலிருக்கிறது.

"அண்ணா, நாளைக்கு நானும் போகலாம்னு இருக்கேன். அவருக்குத் தெரியாது. சொல்லிடாத."

திகோமிருக்குக் காய்ச்சலிலும் உடம்பு சிலிர்த்தது. எத்தனை நாள் கத்தியிருப்பார் இதற்காக! "சபாஷ்! போடி, தைரியமா போ!"

"பயமா இருக்குண்ணா. நீதான் நேத்துப் போட்டுக்கிட்டியே. நிஜத்தைச் சொல்லு, என்ன பண்ணுச்சு?"

கதவு திறந்துதான் இருந்தது. ஓப்ராத்தின் முதுகு தெரிந்தது. காதும் தெரிந்தது. "ஒண்ணுமே இல்லம்மா" என்றார் திகோமிர். "கொசு கடிச்ச மாதிரி."

மிலுங்கா அவர் கையிலிருந்த தட்டை வாங்கினாள். வாங்கும்போது அவள் விரல்கள் அவர் மணிக்கட்டில் பட்டன. ஒரு நிமிஷம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "சரிண்ணா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

வாழ்த்துச் சொல்லிக் குடிக்கிற நேரம் வந்தது. திகோமிர் ப்ளம் சாராயக் கோப்பையை உயர்த்தி வாயில் வைத்தார். பல்லும் கண்ணாடியும் மோதுகிற சத்தம் மேஜையின் கடைசி வரைக்கும் கேட்டது. எல்லாரும் நிமிர்ந்தார்கள். ஓப்ராத்தின் கை நாற்காலியின் முதுகுக்குப் போயிற்று.

"காத்து!" என்று கத்தினார் திகோமிர். "எவன்டா ஜன்னலைத் திறந்து வெச்சது? குறுக்குக் காத்து அடிக்குது!"

வால்யேவோவில் வைரஸை நம்பாதவன் உண்டு, ஊசியை நம்பாதவன் உண்டு. எதிரெதிர் ஜன்னல் வழியாக வருகிற காற்று ஆளைக் கொன்றுவிடும் என்பதை நம்பாதவன் இன்னும் பிறக்கவில்லை. இரண்டு கட்சியும் ஒன்றாக எழுந்தது. ஒருவர் கூடத்து ஜன்னலுக்கு ஓடினார், இன்னொருவர் குளியலறைக்கு. வாசல் கதவின் கீழ் இடுக்கில் யாரோ துண்டைச் சுருட்டி வைத்தார்கள். ஓப்ராத்தே எழுந்து சமையலறை ஜன்னலைச் சாத்தி, "காதுல பட்டுச்சுன்னா மூளைக்கு ஏறிடும்" என்று பொறுப்பாகச் சொன்னார். ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று டாக்டர்கள் தலைதலையாக அடித்துக்கொண்ட காலம் அது. ஒரு பொட்டுக் காற்று வராதபடி அடைத்துவிட்டு, அத்தனை பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்தார்கள்.

இந்தச் சாமர்த்தியத்தை நினைத்துத் திகோமிருக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு பாட்டில் எடுக்க உள்ளே போனபோது தெசாங்கா வழிமறித்தாள்.

"மிலுங்கா நாளைக்குப் போகலையாம்."

"ஏன்? ஓப்ராத் என்ன சொன்னான்?"

"அவர் ஒண்ணும் சொல்லல. நீங்கதான் சொன்னீங்களாம்."

மிலுங்கா பின்பக்கத்துப் படியில் கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திகோமிர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

"என்னடி இது? நான் நல்லதுதானே சொன்னேன்?"

"உன் கை அடுப்பா கொதிக்குதுண்ணா." அவள் குரல் உயரவில்லை. "காய்ச்சலுக்கா நான் பயந்தேன்? நமக்குச் சின்ன வயசுல வராத காய்ச்சலா? நீ எங்கிட்டயே மறைக்கிறே பாரு, அதுதான் பயமா இருக்கு. வெறும் காய்ச்சல்னா எதுக்கு மறைக்கணும்? அப்ப அதுல வேற என்னவோ இருக்கு. அவர் சொல்றதுதான் நெசமோ என்னமோ."

ஓப்ராத் ஒரு வருஷமாக ஃபேஸ்புக்கைக் காட்டிக் காட்டிச் செய்ய முடியாததை, திகோமிர் ஒரே ஒரு கொசுவை வைத்துச் செய்துவிட்டார். தன் தங்கையை அவரே திருப்பி அனுப்பிவிட்டார். வெட்கமாக இருந்தது. காய்ச்சலைவிட அது மோசமாகச் சுட்டது.

"வா உள்ளே" என்றார்.

கூடத்துக்கு வந்தார். மெழுகுவத்தி இன்னும் பாதிக்கு மேல் நின்றது. நாற்காலி, சொல்லவே வேண்டாம், அவர் வழக்கமாக நிற்கிற இடத்தில் தயாராக இருந்தது. திகோமிர் கோட்டின் பொத்தானைக் கழற்றினார். விருந்தாளிகளை ஒருதரம் பார்த்தார். உட்கார்ந்தார்.

முள்கரண்டிகள் அப்படியே நின்றன. மூலையிலிருந்த ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"காலையிலேருந்து முப்பத்தொம்பது" என்றார் திகோமிர். அவர் பார்த்தது மிலுங்காவை மட்டும்தான். "கை தூக்க முடியல. எலும்பெல்லாம் உடையுது. அழுதுட்டேன், தெசாங்காவைக் கேளு. காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல, ஊசிதான். யெல்கா என்னைச் செருப்பால அடிக்கலாம். நாளைக்கு எழுந்து நான் மிச்சக் கறியைச் சாப்பிடறேனா இல்லையான்னு நீயே வந்து பாரு. இவ்வளவுதான் விஷயம். வேற எதையும் நான் மறைக்கல."

ஓப்ராத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு வருஷத்துத் தவம் பலித்த முகம். போனை எடுத்து முன்பக்கமிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், நாற்காலியின் நான்கு காலும் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ. "இன்னொரு தரம் சொல்லு மச்சான், முப்பத்தொம்பதுங்கறது சரியா கேக்கல" என்றார். திகோமிர் இன்னொரு தரம் சொன்னார். அது சாயங்காலத்துக்குள் வால்யேவோ முழுக்கப் போய், பக்கத்து ஊர்களுக்கும் போய்விட்டது.

ஆனால் ஒரு சங்கடம் வந்தது. மெழுகுவத்தி எரிகிறது, கோப்பைகள் காலி, வீட்டுக்காரன் உட்கார்ந்திருக்கிறான். ஸ்லாவா நடக்கிற வீட்டில் நிற்பதற்கு ஆளில்லை. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஓப்ராத் போனை உள்ளே வைத்துவிட்டு நெளிந்தார், கிழவரைப் பார்த்தார், மெழுகுவத்தியைப் பார்த்தார். "கருமம்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து பாட்டிலைக் கையில் எடுத்தார். மெழுகுவத்தி அணைகிற வரைக்கும் அவர்தான் நின்றார். ஒவ்வொரு கோப்பையை நிரப்பும்போதும் ஊசியின் ஆபத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிக்கொண்டே ஊற்றினார்.

திங்கட்கிழமை மத்தியானம் மிலுங்கா வந்து எட்டிப் பார்த்தாள். அண்ணன் சமையலறையில் நின்றபடியே குளிர்ந்த பன்றிக்கறியை வெட்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். பையை எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துப் பக்கம் திரும்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவளே போன் செய்தாள்.

"அண்ணா, ஆச்சு. ஒண்ணுமே இல்ல. கொசு கடிச்ச மாதிரி."

திகோமிர் கற்றுக்கொள்ள வந்த பெண்ணிடம் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். போனுக்குள் பாத்திரச் சத்தத்துக்கு நடுவே வேறொரு சத்தம் கேட்டது. பல் அடித்துக்கொள்கிற சத்தம். அது அவருக்குத் தெரியாதா?

"எங்க நிக்கறே?"

"அடுப்புகிட்ட. சமையல் ஆகணுமே."

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா?"

"மெதுவா பேசுண்ணா." குரல் இறங்கிவிட்டது. "பக்கத்து அறையிலதான் இருக்கார். காட்டிக்கக் கூடாதுன்னு பார்க்கறேன். தெரிஞ்சா அவ்வளவுதான், காலம் பூரா சொல்லிக் காட்டுவார்."

"உட்காருடி" என்றார் திகோமிர்.

"அண்ணா..."

"உட்காருன்னு சொல்றேன்ல! அத்தனை பேர் எதிர்ல நான் உட்காரலையா? என்ன வேணா சொல்லிக்கட்டும், உட்காருடி!" அவர் போட்ட கத்தலில் பக்கத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த பெண் பயந்துபோய் எஞ்சினை அணைத்துவிட்டாள்.

போனுக்குள் தரையில் நாற்காலி இழுபடுகிற சத்தம் வந்தது. மிலுங்கா "ஐயோ" என்றாள். அப்புறம் ஓப்ராத்தின் குரல்.

"கத்தாத மச்சான், நாற்காலி போட்டாச்சு. காலையிலேருந்து டக டகன்னு ஒரே சத்தம். கொதிகலன்தான் கெட்டுப்போச்சுன்னு முழுசாக் கழட்டிட்டேன். கடைசில பார்த்தா இவ பல்லு."

திகோமிர் அடுத்த அடிக்குக் காத்திருந்தார். அது வரவில்லை. ஓப்ராத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பேசியபோது அது வீடியோ எடுத்த குரலாக இல்லை.

"மச்சான், இது எவ்வளவு நேரம் இருக்கும்? இவளுக்குச் சர்க்கரை வேற. நிஜத்தைச் சொல்லு."

ஒன்றுமில்லை மாப்ளே என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. திகோமிர் அதை விழுங்கினார். "இன்னைக்கு முழுக்கப் படுத்தும். எனக்குச் செத்துடுவேன்னே தோணுச்சு. மாத்திரை குடு, தண்ணி நிறையக் குடு, சர்க்கரையைப் பார்த்துக்கிட்டே இரு. ஏறுச்சுன்னா எனக்காகக் காத்திருக்காம டாக்டருக்குப் போன் பண்ணு. நாளைக்கு எழுந்திரிச்சு உன்னைத் திட்டுவா."

"நீ நெசமாவே அழுதியா?"

"அழுதேன்."

"சே" என்றார் ஓப்ராத். "அதைப் படம் பிடிக்காம விட்டுட்டேனே." பிறகு போனை எங்கோ வைத்துவிட்டு, மிலுங்காவிடம் குனிந்து பேசுவது கேட்டது. "காலை நீட்டு. சாராயத்துல நனைச்ச காலுறை, காய்ச்சலை இறக்கும். சில்லுன்னுதான் இருக்கும். இரு, இரு, முதல்ல அந்த ஜன்னலைச் சாத்திட்டு வந்துடறேன்."